அட்டையில் எழுதாத அடி

குறை கண்டுபிடிப்பதுதான் இசோபே மசாத்தோவுக்குத் தொழில். கிழக்கு ஒசாகாவில், ஃபுசே ரயில் நிலையத்திலிருந்து சைக்கிளில் பத்து நிமிட தூரத்தில் ஒரு திருகாணிப் பட்டறை. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் மாலை ஐந்து வரை, தட்டுத் தட்டாக வரும் திருகாணிகளில் மரை சரியில்லாததைப் பொறுக்கித் தனியே போட வேண்டும். மற்றவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். இசோபே விரலில் உருட்டியே சொல்லிவிடுவான். ஒன்பது வருடத்தில் அவன் கையைத் தாண்டி ஒரு கெட்ட திருகாணி வெளியே போனதாக யாரும் சொன்னதில்லை. அவனை யாரும் பாராட்டியதுமில்லை. கெட்டது போகாமலிருந்தால் அதில் பாராட்ட என்ன இருக்கிறது?

ஐந்து மணிக்குமேல் அவன் இருக்குமிடம் ஸ்வாலோ. ஃபுசே கடைத்தெருவில், மருந்துக்கடைக்கும் வறுத்த பன்றிக்கறிக் கடைக்கும் நடுவில் இருந்த, காசு போட்டு வீடியோ விளையாட்டு ஆடுகிற கேம் சென்டர். அதை நடத்தியவர் ஹமனோ என்ற ஐம்பது வயதுப் பெண்மணி. கணவர் போனபின் தனியாகவே நடத்தினார். ஆடத் தெரியாது, ஆனால் யார் எப்படி ஆடுகிறார்கள் என்று பட்டன் சத்தத்தை வைத்தே சொல்வார். கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. அக்கா புது மெஷின் வாங்குவதற்குமுன் கருத்துக் கேட்கிற ஒரே ஆள் இசோபே. பட்டறையில் கிடைக்காத மரியாதை இங்கே கிடைத்தது, அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைகால் புரியாமல் போனது உண்மைதான்.

இரண்டாயிரமாவது வருடம் ஏப்ரலில் ஒரு செய்தி வந்தது. பத்து வருடமாக எதிரும் புதிருமாகச் சண்டை விளையாட்டுகள் போட்டுக்கொண்டிருந்த இரண்டு கம்பெனிகள் சேர்ந்து ஒரே விளையாட்டு செய்கின்றன. கம்பெனிகளின் சின்னத்தின் நிறத்தை வைத்து ஃபுசேயில் சிவப்பு என்றும் நீலம் என்றும்தான் சொல்வார்கள். சிவப்புக் கட்சிக்காரன் நீலத்தின் மெஷினில் காசு போடமாட்டான். சிவப்பின் துறைமுகக் கூலி தோமாவும் நீலத்தின் வாள்காரனும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று பள்ளிக்கூட நாளிலிருந்து அடித்துக்கொண்டு பேச்சை முறித்துக்கொண்டவர்கள் உண்டு. இப்போது இரு தரப்பும் ஒரே திரையில் வரப்போகின்றன. விளையாட்டின் பெயர் 'இரு கொடி'. இரண்டிரண்டு பேராகச் சேர்த்து ஆட வேண்டும், சிவப்பில் ஒருவன் நீலத்தில் ஒருவன் என்று கலந்தும் எடுக்கலாம். கேட்டவுடன் ஸ்வாலோவில் பெரியவர்கள் குழந்தைகளானார்கள்.

அதில் முதல் குழந்தை குவாதா. நாற்பத்து மூன்று வயது, சுவர்ப் பூச்சு வேலை, விரல் இடுக்கில் எப்போதும் வெள்ளைச் சாந்து. எட்டு வருடம் முன்பு நீலக் கம்பெனி ஒரு விளையாட்டு போட்டது. மூன்றே மாதத்தில் ஊத்திக்கொண்டு, மெஷினையெல்லாம் எடுத்துவிட்டார்கள். அதில் இவாகுரோ என்று, தோஃபு என்கிற சோயாக்கட்டி விற்கிற ஒரு கிழவர் இருந்தார். தோளில் காவடி மாதிரிக் கம்பு, இரண்டு பக்கமும் வாளி. சண்டைக்குமுன் வாளியை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு ஊதுகுழலை ஒருமுறை ஊதுவார். நடை ஆமை நடை. உலகத்தில் அந்தக் கிழவரை விரும்பி ஆடியவர் குவாதா ஒருவர்தான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். 'இரு கொடி'யின் ஆள்பட்டியலில் இவாகுரோவின் பெயரைப் பார்த்த அன்று குவாதா பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு மெஷின் ஓரமாகப் போய் நின்றுவிட்டார். அழுதாரா என்று யாரும் கேட்கவில்லை.

விளையாட்டு முழுதாக முடியுமுன் ஒரு கடையில் வைத்து ஆட்டக்காரர்களை ஆடவிட்டுப் பார்க்கிற முன்னோட்டம் கம்பெனிகளின் வழக்கம். ஒசாகாவின் நிப்போன்பாஷியில் ஒரு பெரிய கேம் சென்டரில் மூன்று நாள் வைத்தார்கள். வரிசையில் நின்று ஒரு ஆட்டம் ஆடலாம். ஆடி முடித்ததும் ஒரு அட்டையும் சின்னப் பென்சிலும் தருவார்கள். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, குறை ஏதாவது கண்டீர்களா என்று எழுதித் தர வேண்டும். இதற்குப் பரிசு எதுவும் கிடையாது. ஆனாலும் ஆட்டக்காரர்கள் பரீட்சை எழுதுவதுபோல் எழுதுவார்கள். அதில் ஒரு எழுதாத விதி உண்டு. ஒரு ஓட்டையை யார் கண்டுபிடித்தாரோ அவர்தான் அதை எழுத வேண்டும். அடுத்தவன் கண்டதைத் தன் அட்டையில் எழுதிப் பெயர் வாங்குவது அசிங்கம்.

இரண்டாவது நாள் மத்தியானம் இசோபேயின் முறை வந்தது. சிவப்பின் தீயணைப்புக்காரி அயாமேயை எடுத்தான், துணைக்கு தோமா. எதிரே கம்ப்யூட்டர். திரையின் மூலையில் எதிராளியை ஒடுக்கி, அயாமே தண்ணீர்க்குழாயால் தூக்கி அடித்தாள். அடிபட்டுப் பறந்தவன் கீழே வருமுன் இசோபே தோமாவைக் கூப்பிட்டான். தோமா மூட்டையால் அடிக்கிற நேரத்தில் அயாமே அடுத்த அடிக்குத் தயாராகிவிட்டாள். மறுபடி குழாய். மறுபடி தோமா. எதிராளி தரையைத் தொடவே இல்லை. மூன்றாவது சுற்றில் இசோபேயின் விரல் சொல்லிவிட்டது, மரை போன திருகாணியை உருட்டும்போது சொல்கிற மாதிரி. இது நிற்காது. சாகிற வரைக்கும் அடித்துக்கொண்டே இருக்கலாம்.

அவன் கையை எடுத்தான். எதிராளியைக் கீழே விழ விட்டான். பிறகு வேண்டுமென்றே இரண்டு அடி தவறவிட்டு, கம்ப்யூட்டரிடம் தோற்று எழுந்தான். பின்னால் நிற்கிறவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதே.

அட்டை கொடுத்தவர் ஒகிதா என்பவர், விளையாட்டைச் செய்த குழுவில் ஒருவர். ஒல்லி உடம்பு, மூன்று நாளாகத் தூங்காத கண்.

"இசோபே சான்தானே? ஸ்வாலோ இசோபே சான்? உங்க பேரு கேள்விப்பட்டிருக்கேன். ஏதாவது கண்ணுல பட்டுச்சா?"

"ஒண்ணும் படலைங்க," என்றான் இசோபே.

அட்டையில் 'குறை எதுவும் தென்படவில்லை' என்று எழுதினான். அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. எழுதியது மொட்டையாகத் தெரிந்ததால், 'அயாமேயின் அடி பலவீனமாக இருக்கிறது, கொஞ்சம் கூட்டலாம்' என்று ஒரு வரி சேர்த்தான். தான் திருடப்போகிற வீட்டுக்கு ஏணியும் கேட்டு வாங்குகிற துணிச்சல் அது. ஏன் செய்தான்? எத்தனையோ போட்டியில் இரண்டாவது, மூன்றாவது என்று வந்தவன். ஒரு தடவையாவது முதலில் வர வேண்டும் என்று ஆசை. ஒன்பது வருடமாக அடுத்தவர்களுக்காகக் குறை பொறுக்கினோம், இந்த ஒன்றை எனக்கு வைத்துக்கொண்டால் என்ன என்று ரயிலில் வரும்போது தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான். நியாயம் சரியாகத்தான் இருந்தது.

"என்ன தம்பி, வாங்கலாமா?" என்று ஹமனோ அக்கா கேட்டார்.

"தாராளமா வாங்குங்கக்கா. நாலு மெஷின் போடுங்க."

ஆகஸ்டில் நாலு மெஷின் வந்தன. இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்துப் போட்டார் அக்கா. இந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் முகம் தெரியாது.

குறை சொல்லவேண்டுமென்றால் 'இரு கொடி'யில் நிறைய இருந்தது. சிவப்பு ஆட்களைப் புதிதாக வரைந்திருந்தார்கள். நீலத்துக்காரர்களைப் பழைய விளையாட்டுகளிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது கல்யாண போட்டோவில் வராத மாமனைப் பின்னால் ஒட்டவைத்த மாதிரி இருக்கும். ஆறே ஆறு பின்னணிதான். இன்னொன்றை மன்னிக்கவே முடியாது. பத்து வருடப் பகையாளிகள் சந்தித்துக்கொள்கிறார்கள், ஜெயித்தவன் தோற்றவனிடம் தன் பழைய விளையாட்டில் சொன்ன அதே வசனத்தைச் சொல்லிவிட்டுப் போகிறான். எதிரே நிற்பது யார் என்றே அவனுக்குத் தெரியவில்லை. இதற்கா இத்தனை வருடம் காத்திருந்தோம் என்று எல்லோரும் திட்டினார்கள். திட்டிக்கொண்டே மறுபடி காசு போட்டார்கள்.

ஏனென்றால் திரைக்குள் நடக்காதது திரைக்கு வெளியே நடந்தது. சிவப்புக் கட்சியும் நீலக் கட்சியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தன. பேச்சை முறித்துக்கொண்டவர்கள் ஒருவருக்கொருவர் தங்கள் ஆளின் அடியைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஸ்வாலோவில் நிற்க இடமில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் குவாதா சாந்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார, இவாகுரோ வாளியை இறக்கி வைத்து ஊதுகுழலை ஊதுவார். உடனே கடையே சேர்ந்து ஊதும். அந்தக் கிழவரை வைத்துக்கொண்டு ஜெயிக்க ஒரு வழியும் இல்லை என்று எல்லோரும் சொன்ன இடத்தில், குவாதா இரண்டு மாதத்தில் பாதிப் பேரை ஜெயித்தார். அந்த இரண்டு மாதமும் இசோபே தன் அடியை ஒருதடவைகூடப் போடவில்லை. வீட்டில் தலையணையில் விரல் வைத்துப் பழகினான்.

அயாமேயின் அடி கூடியிருந்தது. ஆட்டம் முழுதும் முடித்தால் ஓடுகிற நன்றிப் பட்டியலில், முன்னோட்டத்தில் உதவியவர்கள் என்ற தலைப்பின்கீழ் அவன் பெயரும் வந்தது. கடையில் எல்லோரும் கை தட்டினார்கள். இசோபே தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டான்.

அக்டோபரில் போட்டி. ஸ்வாலோவில் ஜெயிக்கிற ஒருவர் டோக்கியோவில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். கடைசி ஆட்டத்துக்கு வந்தவர்கள் இசோபேயும் குவாதாவும்.

"டேய் இசோபே, கெழவர் இதுவரைக்கும் டோக்கியோ பாத்ததே இல்லடா," என்றார் குவாதா உட்காருமுன். "ஒரு தடவை கூட்டிட்டுப் போயிடறேன்."

"தோஃபு வித்த காசுல டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கண்ணே," என்றான் இசோபே. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

இருவரும் ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்தார்கள். மூன்றாவதில் இசோபேயின் தோமா போய்ச்சேரும் தறுவாயில் இருந்தான். அயாமேக்கு உயிர்க்கோடு நகக்கண் அளவுதான் மிச்சம். இவாகுரோவுக்குப் பாதிக்குமேல் இருந்தது. இன்னொரு அடி, அதோடு முடிந்துவிடும். கடை மூச்சுவிடாமல் பார்த்தது. அப்போது இவாகுரோ, ஆமை நடையில் வந்த வேகத்தில், தானாகவே திரையின் மூலைக்குள் வந்து நின்றார்.

இசோபே யோசித்தானா என்று கேட்டால், யோசித்தான். ஒரு கண் இமைக்கிற நேரம் முழுதாக யோசித்தான். பிறகு குழாய். தோமா. குழாய். தோமா.

கிழவர் தரையைத் தொடவில்லை. ஐந்து முறை, எட்டு முறை, பன்னிரண்டு முறை. பின்னால் யாரோ "இது என்னடா இது" என்றார்கள். முதல் சில விநாடி மெஷினின் அந்தப் பக்கத்திலிருந்து பட்டன் சத்தம் வெறித்தனமாக வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது. குவாதா கையை எடுத்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள். இசோபேக்கு முகம் தெரியவில்லை, சத்தமில்லாததுதான் கேட்டது. தன் பட்டன் சத்தம் மட்டும் தனியாகக் கேட்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. கிட்டத்தட்ட அரை நிமிடம் அடித்துத்தான் கிழவரைக் கீழே போட்டான்.

குவாதா எழுந்து சுற்றி வந்தார். "இப்பத்தான் கண்டுபிடிச்சியா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே. கை தானா போயிடுச்சு."

"ம்," என்றார். "டோக்கியோல நல்லா ஆடு."

டோக்கியோவில் நல்லா ஆடக் கொடுத்துவைக்கவில்லை. அதற்குள் அந்த அடி ஊருக்கு ஊர் பரவி, முதல் சுற்றிலேயே யாரோ ஒரு கண்ணாடிக்காரன் அதே அடியால் இசோபேயை மூலையில் வைத்துச் சாத்தி அனுப்பினான். காற்றில் தொங்கும் தன் ஆளைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எப்படி என்று அங்கே தெரிந்துகொண்டான். மற்றவர்கள் மறந்தாலும் அவனுக்கு அந்த அரை நிமிடம் மறக்கவில்லை.

ஸ்வாலோ ஒரு மாதத்தில் காலியானது. எல்லோரும் அயாமேயை எடுத்தார்கள், எல்லோரும் மூலையைத் தேடினார்கள். 'மூலையில் அயாமே அடி போடக்கூடாது' என்று ஹமனோ அக்கா தாளில் எழுதி ஒட்டினார். இரண்டு தடவை போட்டால் சேர்த்தியா, மூன்று தடவை போட்டால்தான் சேர்த்தியா என்று அதில் ஒரு சண்டை. ஒருவன் ஸ்டூலை உதைத்தான். பெஞ்சில் சேர்ந்து உட்கார்ந்தவர்கள் மறுபடி கட்சி கட்டினார்கள், இந்த முறை பழைய உறுதியோடு: இதெல்லாம் சிவப்புக்காரன் வேலை. குவாதா வாரத்தில் ஒருநாள் வந்து கம்ப்யூட்டரோடு மட்டும் ஆடிவிட்டுப் போனார். ஊதுகுழல் ஊதினால் கூடச் சேர்ந்து ஊத யாருமில்லை. அக்கா கம்பெனிக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதினார். அதில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்க இசோபேயிடம்தான் கொடுத்தார். 'சோதனை போட்டுப் பார்த்தோம் என்கிறீர்களே, உங்களுக்குக் கண் இல்லையா?' என்று இருந்தது. பிழை ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்தான்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒகிதா நேரில் வந்தார். கோட்டு போட்டு, கையில் இனிப்புப் பெட்டியோடு. கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள். அவர் கடையின் நடுவில் நின்று இடுப்பை மடித்துக் குனிந்தார். நிமிர நேரமானது.

"எங்க கவனக்குறைவுதான். நீங்கள்லாம் நம்பி இடம் குடுத்தீங்க, நாங்க சரியாப் பாக்கலை. மன்னிச்சுக்கங்க."

அக்காவுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. பெட்டியைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார். பயற்றுப் பூரணம் வைத்த மன்ஜு. இசோபேயும் ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அந்த நேரம் பார்த்து ஒகிதா அவனிடம் வந்து தனியாகக் குனிந்தார்.

"இசோபே சான், உங்க பேரை வேற பட்டியல்ல போட்டு உங்களுக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டோம். நீங்க அவ்வளவு அக்கறையா எழுதிக் குடுத்தீங்க."

வாயில் மன்ஜு இருந்ததால் இசோபே தலையை மட்டும் ஆட்டினான். காது மடல் எரிந்தது. தரை பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. விழுங்க முடியாததை விழுங்கிவிட்டு, சைக்கிளைப் பூட்டினேனா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று முனகிக்கொண்டு வெளியே வந்தான்.

வெளியே குளிர்பான மெஷின் பக்கத்தில் குவாதா சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக் கதவு வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

"அண்ணே," என்றான் இசோபே. "அந்த அடி போட்டி அன்னிக்குக் கண்டுபிடிச்சது இல்லண்ணே."

"தெரியும்."

"முன்னோட்டத்துலயே..."

"தெரியும்டா. உனக்குப் பின்னாடி மூணாவது ஆளா நான் நின்னுட்டிருந்தேன். மூணு சுத்து போட்டுட்டுக் கையை எடுத்தே. அப்புறம் கம்ப்யூட்டர்கிட்டப் போய்த் தோத்தே. நீ கம்ப்யூட்டர்கிட்டத் தோத்து நான் பாத்ததே இல்ல."

"அப்ப நீங்க ஏண்ணே எழுதலை?"

"கண்டவன்தானே எழுதணும். நீ கண்டதை நான் எழுதினா அசிங்கம்." குவாதா சிகரெட்டை அணைத்தார். "இவன் கையில மாட்டின குறை வெளிய போகாதுன்னு நெனச்சேன். கெழவரோட ஊதல் சத்தம் நல்லா இருக்குன்னு மட்டும் எழுதிட்டு நிம்மதியா வந்துட்டேன். விளையாட்டு வந்தப்பறமும் அதை யாரும் போடலை, சரி பண்ணிட்டாங்கன்னு இருந்தேன். போட்டில நீ போட்டப்பதான், நீ எழுதவே இல்லைன்னு தெரிஞ்சுது."

"ரெண்டு மாசமா ஏண்ணே கேக்கலை?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

திட்டவில்லை. குரலில் கோபம்கூட இல்லை. கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, "நாளைக்கு ஒரு பள்ளிக்கூடச் சுவரு பூசணும், வரேன்," என்று சொல்லி, கடைத்தெருவில் நடந்து போய்விட்டார். இசோபே அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். கூப்பிட்டு என்ன சொல்வது?

பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். ஒகிதா கிளம்புவதற்குக் காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். இசோபே எல்லோர் முன்னாலும் சொன்னான். முன்னோட்டத்தில் கண்டது, மறைத்தது, வேண்டுமென்று தோற்றது, அட்டையில் எழுதியது, அக்காவிடம் நாலு மெஷின் போடச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது குரல் உடைந்து அசிங்கமாக இருந்தது. அதற்கும் வெட்கப்பட்டான்.

ஒகிதா நாடாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். "அன்னிக்கு மத்தியானம் நான் அங்கதான் நின்னேன்," என்றார். "என் கண்ணுலயும்தான் படலை. அது என் வேலை, உங்க வேலை இல்ல." மறுபடியும் குனிந்தார். அந்தக் குனிதலைத் தாங்குவதற்குப் பதில் இரண்டு அறை வாங்கியிருக்கலாம் என்று இசோபேக்குத் தோன்றியது.

ஹமனோ அக்காவைப் பார்த்தான். அவர் திட்டுவார் என்று காத்திருந்தான். ஒன்பது வருடத்தில் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார்: சாப்பிடாமல் ஆடியதற்கு, சிகரெட் சாம்பலைத் தரையில் தட்டியதற்கு, காய்ச்சலோடு வந்ததற்கு. திட்டட்டும், காது குளிரத் திட்டட்டும் என்று நின்றான். அக்கா மன்ஜுப் பெட்டியை மூடினார். கல்லாவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். இசோபேயைப் பார்த்து, இரண்டு கையையும் முன்னால் கோத்து, புதிதாக வந்து போகிற வாடிக்கையாளருக்குச் செய்கிற மாதிரி, அளவாகக் குனிந்தார்.

"வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க," என்றார். "மறுபடியும் வாங்க."